ஏழாம் பக்கத்து நாலு வரி

4.3.2023, சனிக்கிழமை

சேசுவே, இந்தக் கடுதாசி எங்கயும் தங்காம மெட்ராசு போய்ச் சேரணும்.

ஸ்டெஃபி கண்ணு,

அத்தை புஷ்பமேரி எழுதறேன். அத்தைக்குப் போன் கெட்டுப் போச்சான்னு நெனைக்காத. திருநீத்துப் புதன் அன்னிக்குச் சாம்பல் பூசிட்டு வரும்போதே மாதா முன்னாடி சொல்லிட்டேன். கறி, மீன விடறது எல்லாரும் விடறதுதான், நா இந்தத் தவக்காலத்துக்குச் செல்போனை ஒறுத்தல் பண்றேன்னு. அணைச்சு அரிசி டின்னுக்குள்ள போட்டாச்சு. உங்க மாமா மதலைமுத்து இருக்காரே, "நீ நாப்பது நாளு போன் பேசாம இருக்கறது எனக்குப் பண்டிகை"ங்கறாரு. இருக்கட்டும், அவரு அப்படித்தான்.

இங்க எல்லாரும் சௌக்கியம்னு எழுதத்தான் உக்காந்தேன். முடியல கண்ணு. எனக்குக் கை கால் ஓடல. நேரா விசயத்துக்கு வரேன்.

நூறு நாள் வேலையில பத்தரை மணிக்கு எல்லாரும் வேப்பமரத்தடியில உக்காரும்போது நா உங்க பேப்பரை வாசிச்சுக் காட்டறது உனக்குத் தெரியும். எட்டாவது வரைக்கும் போனவ அங்க நா ஒருத்திதான். "என் தம்பி ஜோசப் ராஜ் மவ மெட்ராசுல உக்காந்து போடற பேப்பரு"ன்னு சொல்லிட்டுத்தான் பிரிப்பேன். போன வியாழக்கிழம பிரிச்சா, நம்ம மாவட்டப் பக்கத்துல மூணு பத்தி அகலத்துக்குக் கொட்டை எழுத்துல போட்டிருக்குது: "லாரி டிரைவருடன் ஓட்டம்: இரண்டு குழந்தைகளின் தாய் மாயம்". உள்ள பாத்தா நம்ம நிர்மலா பேரு. மாதேசு பொண்டாட்டி, சின்னம்மாள் மருமவ. உனக்குப் பள்ளிக்கூடத்துல ரெண்டு வகுப்பு முந்திப் படிச்சவ.

நடந்தது என்னன்னா, அவ டிரைவர் டெஸ்ட்டுக்குப் போயிருக்கறா. நம்ம இன்னாசி அண்ணன் புது மினி பஸ் வாங்கியிருக்காரு, கம்பைநல்லூருக்கும் நம்ம ஊருக்கும் ஓட்டறதுக்கு. ஈஸ்டர் திங்கக்கெழம மொத வண்டி. "ஹெவி லைசென்சு வாங்கிட்டு வா, ஸ்டீரிங் உனக்குத்தான்"னு அவகிட்டச் சொல்லியிருந்தாரு. மாதேசுக்குப் புடிக்காது. அதனால "ஒகேனக்கல்லுல எங்கம்மாவுக்குத் திதி குடுத்துட்டுச் சாயந்தரம் வந்துடறேன்"னு பொய் சொல்லிட்டுப் போனா. டெஸ்ட்டு எடுக்கற ஆபீசர் அன்னிக்கும் வரல, மறுநாளும் வரல. வியாழக்கிழம வரச் சொல்லிட்டாங்க. போனைத் தெறந்தா புருசன் கத்துவானேன்னு பயந்து அணைச்சே வெச்சிருந்தா. மாதேசு பயந்துபோய் ஸ்டேசன்ல எழுதிக் குடுத்துட்டான். அவ ஏறுன லாரி யாரோடது தெரியுமா? பென்னாகரத்து வீரமணி. அவ பெரியப்பன் மவன். கூடப் பொறந்த அண்ணன் மாதிரி. அவன் வூட்டுல அவன் பொண்டாட்டி பக்கத்துலதான் ரெண்டு ராத்திரியும் தங்குனா.

டெஸ்ட்டுல தேறிட்டு, இனிப்பு வாங்கிட்டு வந்து எறங்கறா, ஊரே அவளப் பாக்குது. "ரெண்டு மாசமாப் பழக்கமாம்"னு அவ காதுபடவே பேசறாங்க. சின்னம்மாள் ரெண்டு கொழந்தைங்களையும் கூட்டிட்டுத் தோட்டத்து வூட்டுக்குப் போயிட்டா. மாதேசும் அம்மா பின்னாடியே போயிட்டான். இன்னாசி அண்ணன், "பேப்பர்ல வந்த பொம்பளய உக்கார வெச்சா வண்டியில எவன் ஏறுவான்? பேப்பர்காரனே மாத்திப் போடட்டும், அப்பப் பாக்கலாம். இல்லாட்டி ஈஸ்டருக்குள்ள வேற ஆளப் பாத்துக்கறேன்"னு சொல்லிட்டாரு.

எந்தப் பாவி அந்தத் தலைப்ப எழுதுனான்னு விசாரிச்சு அவன் பேரை எழுது. அவனுக்காக ஜெபம் பண்ணணும். அதுக்கு முன்னாடி நல்லா நாலு கேக்கணும்.

உன் அத்தை,
புஷ்பமேரி

—

சென்னை, 8.3.2023

அன்புள்ள அத்தைக்கு,

பாவி நான்தான்.

கடிதத்தை அலுவலகத்தில் வைத்துப் படித்தேன். நிர்மலா அக்காதான் என்று தெரிந்ததும் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்து மறுபடி படித்தேன். அந்தச் செய்தியில் 'மாதேஷ் மனைவி நிர்மலா (31)' என்று இருந்தது. நம் ஊர்ப் பெயரும் இருந்தது. அப்படியும் எனக்கு ஒரு முகம் தோன்றவில்லை.

எப்படி நடந்தது என்று சொல்கிறேன். நிருபர் அனுப்பியது பன்னிரண்டு வரி. 'பிரிவு சாலையில் ஒரு லாரியில் ஏறியதைப் பார்த்ததாகக் கூறப்படுகிறது' என்றுதான் அவர் எழுதியிருந்தார். போலீசில் மாதேஷ் கொடுத்த புகாரில் டிரைவர் என்ற பேச்சே இல்லை. மூன்று பத்திக்குத் தலைப்பு நிரம்ப வேண்டும். 'பெண் மாயம்' என்று போட்டால் பாதி இடம் காலியாக நிற்கும். 'இரண்டு குழந்தைகளின் தாய்' என்று சேர்த்தால் கொஞ்சம் நிரம்பும். அதற்கும் மேலே இடம் இருந்தது. 'லாரி டிரைவருடன் ஓட்டம்' என்று போட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை அத்தை. கை தானாகப் போகிறது. பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்த்து, "நல்லா வந்திருக்கு" என்றார்.

இன்று மகளிர் தினம். எங்கள் பேப்பரில் ரோஸ் நிறத்தில் நான்கு பக்கம் தனியாகப் போட்டிருக்கிறோம். அலுவலகத்தில் எங்களுக்கு ஆளுக்கு ஒரு பூ கொடுத்தார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டே செய்தி ஆசிரியரிடம் போய்த் திருத்தம் போட வேண்டும் என்று கேட்டேன். "லாரியில ஏறினது நிஜம்தானேம்மா? நாம என்ன பொய்யா எழுதினோம்?" என்றார்.

விடமாட்டேன். நிர்மலா அக்காவிடம் என்ன சொல்வது என்று மட்டும் எனக்குத் தெரியவில்லை.

ஸ்டெஃபி

—

12.3.2023, ஞாயித்துக்கெழம, பூசைக்குப் போயிட்டு வந்து

கண்ணு,

உன் கடுதாசியத் தபால்காரர் குடுத்ததும் நின்ன எடத்துலயே பிரிச்சேன். "பாவி நான்தான்"னு பாத்ததும் அப்படியே மடிச்சு ரவிக்கைக்குள்ள வெச்சுட்டேன். உன்ன இடுப்புல வெச்சு வளத்தவ நா. உன் ஞானஸ்நானத்துக்கு மெழுகுத்திரி புடிச்சவ நா. உன் கையா அத எழுதுச்சு?

திட்டலாம்னுதான் உக்காந்தேன். அதுக்குள்ள வேற ஒண்ணு நடந்துபோச்சு, அதச் சொல்லலேன்னா எனக்கு நெஞ்சு வெடிச்சுரும்.

நேத்து உங்க பேப்பரை மொத வரியிலருந்து கடைசி வரி வரைக்கும் படிக்கறதுன்னு உக்காந்தேன். கையில ஜெபமாலை இருந்துச்சு. ஆம்பள பேரு ஒண்ணு வந்தா ஒரு மணி தள்ளறது, பொம்பளைக்குச் சொந்தப் பேரு வந்தா ஒரு முடிச்சு போடறதுன்னு முந்தானைய எடுத்துக்கிட்டேன். நாலாம் பக்கம் வரதுக்குள்ள அம்பத்து மூணு மணியும் தீந்துபோச்சு கண்ணு. முந்தானையில மூணே முடிச்சு. ஒருத்தி கொலையாகிச் செத்தவ. ஒருத்தி சினிமாக்காரி. மூணாவது யாருங்கற, நம்ம ஆரோக்கிய மாதா. தேர்பவனி நோட்டீசு.

மத்தவங்களெல்லாம் யாரு? ஒருத்தனோட மனைவி, ஒருத்தனோட மகள், "அந்தப் பெண்", கெணத்துல விழுந்து செத்த "அழகிய இளம்பெண்". அவ அழகா இருந்தான்னு உங்க நிருபர் கெணத்துல எட்டிப் பாத்தானா? கெணத்துல விழுந்தவளுக்கு அழகு எதுக்கு?

ஜெபமாலைய வெச்சு எண்ணுனது பாவமான்னு சாமியாருகிட்டக் கேட்டேன். சிரிச்சுட்டாரு. அது பாவமில்லையாம். பாவசங்கீர்த்தனத்துல நா வேற ஒண்ணு சொன்னேன், அதுக்கு அவரு சிரிக்கல. அதப் பொறவு எழுதறேன்.

இன்னொரு சேதி. ராமக்காள் மவ அரூருக்கு நர்சு கிளாசுக்குப் போயிட்டிருந்தா இல்ல, அவள நிறுத்திட்டாங்க. "பஸ் ஏறப் போறேன்னு போயி லாரி ஏறுனா என்ன பண்றது"ன்னு அவ அப்பன் மாது கேக்கறான். உன் தலைப்பு எங்கயெல்லாம் போயி உக்காந்திருக்குது பாரு. நிர்மலா வூட்டுக் கதவச் சாத்திட்டே இருக்கறா. ஈஸ்டருக்கு இன்னும் நாலே ஞாயிறுதான்.

கோவம் கொறையல. ஆனா சாப்புடு. ஒல்லியாப் போயிருக்கறன்னு உங்கப்பன் சொன்னான்.

அத்தை

—

சென்னை, 17.3.2023

அன்புள்ள அத்தை,

உங்கள் முந்தானை முடிச்சைப் படித்ததும் எனக்கு வெறி பிடித்துவிட்டது. போன மாதத்து மாவட்டப் பக்கங்கள் எல்லாவற்றையும் எடுத்து மேஜையில் பரப்பினேன். தலைப்பில் பெண் வருகிற செய்திகள் அறுபத்தொன்று. அதில் பெயர் சொல்லி எழுதியது ஏழு. 'குழந்தைகளின் தாய்' பதினெட்டு முறை. 'குழந்தைகளின் தந்தை' ஒரு முறைகூட இல்லை அத்தை, ஒரே ஒரு முறைகூட. அந்தப் பதினெட்டில் பதினொன்று நான் எழுதியவை. என் கையெழுத்தையே நான் போலீஸ் மாதிரி தேடிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு பெரிய தாளில் எழுதி, தேநீர் இயந்திரத்துக்கு மேலே ஒட்டிவிட்டேன். முதல் நாள் யாரும் பேசவில்லை. இரண்டாம் நாள் விளையாட்டுப் பக்கத்துக்காரர் வந்து, "நம்ம பக்கத்துல எவ்வளவுன்னு பார்த்தீங்களா" என்று கேட்டார். மூன்றாம் நாள் யாரோ தாளைக் கிழித்துவிட்டார்கள். நான் மறுபடி எழுதி ஒட்டினேன், இந்த முறை கொட்டை எழுத்தில். செய்தி ஆசிரியர் என்னை அறைக்குக் கூப்பிட்டு, "உனக்கு இங்க வேலை தலைப்பு எழுதறது, எண்றது இல்ல" என்றார். நான் அடுத்த மாதம் நிரந்தரம் ஆக வேண்டியவள். அதையும் அவரே நினைவுபடுத்தினார். ஆனாலும் தாளைக் கழற்றச் சொல்லவில்லை.

அத்தை, ஒன்று கேட்க வேண்டும். நான் அச்சான அந்தச் செய்தியை ஐந்து முறை படித்துவிட்டேன். 'இரண்டு மாதமாகப் பழக்கம்' என்று அதில் எங்குமே இல்லை. நிருபர் அனுப்பியதிலும் இல்லை. ஆனால் ஊரே அப்படித்தான் பேசுகிறது என்று உங்கள் முதல் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். அது எங்கிருந்து வந்தது?

ஸ்டெஃபி

—

22.3.2023

கண்ணு,

அது எங்கிட்ட இருந்து வந்துச்சு.

அன்னிக்கு வேப்பமரத்தடியில நா வாசிக்கும்போது முப்பத்தி மூணு பேரும் கூடையக் கீழ வெச்சுட்டு என் வாயவே பாத்துக்கிட்டிருந்தாங்க. பன்னெண்டு வரி சீக்கிரமா முடிஞ்சுபோச்சு. "அப்பறம்?"னு கேட்டாங்க. நா பேப்பரப் பாத்துக்கிட்டே, அதுல எழுதியிருக்கற மாதிரியே, "இரண்டு மாதமாகப் பழகி வந்ததாகத் தெரிகிறது"ன்னு சேர்த்துட்டேன். உங்க பேப்பரு எப்படி எழுதும்னு எனக்குத்தான் மனப்பாடமாச்சே. சின்னம்மாள் அங்கதான் உக்காந்திருந்தா. மம்பட்டியக் கீழ போட்டுட்டு எழுந்து போயிட்டா. கொழந்தைங்களக் கூட்டிட்டுப் போனது அதுக்குப் பொறவுதான்.

இதத்தான் சாமியாருகிட்டச் சொன்னேன். ஜெபம் எதுவும் அவரு அபராதமாக் குடுக்கல. "எங்க உக்காந்து சொன்னியோ அங்கயே உக்காந்து, இல்லேன்னு சொல்லு"ன்னாரு. முழங்கால் போட்டு நாப்பது சிலுவைப்பாதை குடுத்திருந்தாக்கூடப் பண்ணியிருப்பேன். இது முடியல. பத்து நாளாச்சு. தெனம் போறேன், பேப்பரப் பிரிக்கறேன், நாக்கு மேல ஒட்டிக்குது. உன்னத் திட்டி எழுதும்போது மட்டும் எப்படி வந்துச்சுன்னு தெரியல.

அதச் சொல்ல முடியாம நேத்து ஒரு வேல பண்ணேன். கேளு. பேப்பரத் திருப்பி வாசிச்சேன். அதாவது, ஆம்பள சேதிய எல்லாம் பொம்பள சேதி மாதிரி. "மூன்று குழந்தைகளின் தந்தை ஒன்றியக் கூட்டத்தில் பேச்சு. நீல நிறச் சட்டை அணிந்து வந்த அவர் பார்ப்பதற்கு இளமையாகக் காணப்பட்டார்." ஒரு நிமிசம் யாருக்கும் ஒண்ணும் புரியல. ராமக்காள்தான் மொதல்ல சிரிச்சா. "கார் மீது பைக் மோதல். வீட்டில் சொல்லாமல் தனியாகச் சென்ற இளைஞர் காயம். இருட்டிய பிறகு அவருக்கு வெளியில் என்ன வேலை என்று அக்கம்பக்கத்தினர் கேள்வி." கண்ணு, காசியம்மாளுக்குச் சிரிச்சுச் சிரிச்சு வெத்தல பொறை ஏறிப்போச்சு. வேலைய அளக்க வந்த மேஸ்திரி, "என்னங்கடி இங்க கூத்து"ன்னாரு. "வாங்கண்ணே, உங்களுக்கு எத்தன கொழந்தைங்க? பேப்பர்ல போடணும்"னு கேட்டோம். போயிட்டாரு.

எல்லாரும் சிரிக்கறாங்க, சின்னம்மாள் மட்டும் சிரிக்கல. தள்ளி உக்காந்திருந்தவ, "எம் மருமவ சேதிய அப்படிப் படி"ன்னா.

வாயிலயே மாத்திப் படிச்சேன். "மாதேஷ் வயசு முப்பத்தஞ்சு. செவ்வாய்க்கிழமை காலை பிரிவு சாலையில் ஒரு லாரியில் ஏறிச் சென்றார். இரண்டு நாளாக வீடு திரும்பவில்லை."

"அப்பறம்?"னு யாரும் கேக்கல. காசியம்மாள்தான், "வேலைக்குப் போயிருப்பான்"னா.

அவ்வளவுதான். எல்லாரும் கூடையத் தூக்கிக்கிட்டு எழுந்துட்டாங்க. சின்னம்மாள் அங்கயே உக்காந்திருந்தா. நா அப்பவே சொல்லியிருக்கணும். சொல்லல.

புஷ்பமேரி

—

சென்னை, 27.3.2023

அத்தை,

இதை ஓடிக்கொண்டே எழுதுகிறேன். உங்கள் கடிதத்தைச் செய்தி ஆசிரியர் மேஜையில் வைத்து, 'வேலைக்குப் போயிருப்பான்' என்ற இடம் வரை நானே வாசித்துக் காட்டினேன். நீலச் சட்டைக்குச் சிரித்தார். அன்று அவரும் நீலச் சட்டைதான். கடைசி வரிக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, "நாலு வரி தரேன். எழுதிக் கொடு" என்றார்.

வியாழக்கிழமை, 30ஆம் தேதி வரும். ஏழாம் பக்கம். முதல் பக்கம் கேட்டேன், கிடைக்கவில்லை. செய்தி வந்த அதே பக்கமாவது கொடுங்கள் என்றேன், அதுவும் இல்லை. ஆனால் வரும் அத்தை. எழுத்துக் கோத்தாகிவிட்டது.

இன்னும் ஒன்று. எனக்கு நேற்றிலிருந்து தூக்கமே இல்லை, அவ்வளவு ஆசையாக இருக்கிறது. நிர்மலா அக்காவைப் பற்றி ஞாயிறு மலரில் ஒரு முழுப் பக்கம் எழுத ஒப்புதல் வாங்கிவிட்டேன். வண்ணப் படம். தலைப்புகூடத் தயார்: 'ஸ்டீரிங் பிடித்த சாதனைத் தாய்: இரண்டு குழந்தைகளுடன் சிகரம் தொட்ட கதை'. அக்காவிடம் கேட்டுச் சொல்லுங்கள். பட்டுப்புடவையில் பஸ் முன்னால் நிற்கிற மாதிரி படம் எடுக்கலாம் என்கிறார் புகைப்படக்காரர்.

உங்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் சேர்த்தது ஒரு வரி. அந்த வரியை உங்களுக்குக் கற்றுக்கொடுத்தது நாங்கள். அதனால் உங்கள் அபராதத்தில் பாதி எனக்கு. ஆனால் மரத்தடிக்கு நான் வர முடியாதே.

ஸ்டெஃபி

—

1.4.2023, நாளைக்குக் குருத்து ஞாயிறு

கண்ணே ஸ்டெஃபி,

சொல்லிட்டேன்.

வியாழக்கிழம காலையில பேப்பர் வந்ததும் உங்க மாமாவும் நானும் ஏழாம் பக்கத்துல தேடறோம், தேடறோம். டெண்டர் நோட்டீசுக்குக் கீழ, பசு மாடு விற்பனைக்கு மேல, எறும்பு ஊர்ற மாதிரி நாலு வரி. "மார்ச் 2 இதழில் கம்பைநல்லூர் அருகே பெண் மாயம் என வெளியான செய்தியின் தலைப்பு தவறானது. நிர்மலா கனரக வாகன ஓட்டுநர் தேர்வுக்குச் சென்று தேர்ச்சி பெற்றுத் திரும்பினார். அவருடன் சென்றவர் அவரது அண்ணன். தவறுக்கு வருந்துகிறோம்." மாமா சொன்னாரு, "மூணு பத்தியில அடிச்சுட்டு மூக்குப்பொடி டப்பா அளவுல மருந்து போடறாங்க"ன்னு. அவரு பேசறதே அபூர்வம், பேசுனா இப்படித்தான்.

பத்தரைக்கு மரத்தடிக்குப் போனேன். நாலு வரியையும் வாசிச்சேன். பொறவு பேப்பர மடிச்சுக் கீழ வெச்சுட்டேன், அதப் பாத்துக்கிட்டுச் சொன்னா மறுபடியும் பேப்பர்ல இருக்குன்னு நெனச்சுக்குவாங்கன்னு. "அன்னிக்கு ரெண்டு மாசப் பழக்கம்னு படிச்சேனே, அது பேப்பர்ல இல்ல. நானாச் சேர்த்தது. பொய். கடவுளே சாட்சி"ன்னேன். ராமக்காள் எழுந்து தண்ணி குடிக்கப் போயிட்டா. காசியம்மாள், "இத்தன நாளு நீ படிச்சதுல எது எது பேப்பரு, எது எது நீ?"ன்னு கேட்டா.

சின்னம்மாள் கிட்ட வந்தா. அறையப் போறான்னு நெனச்சேன். "அந்த நாலு வரிய இன்னொருக்காப் படி"ன்னா. படிச்சேன். "இன்னொருக்கா." படிச்சேன். அந்தப் பக்கத்தக் கிழிச்சு வாங்கி, மடிச்சுச் சுருக்குப்பையில வெச்சுக்கிட்டு, வேலைய விட்டுட்டு நேரா இன்னாசி அண்ணன் ஷெட்டுக்கு நடந்தா. நாங்க முப்பத்தி மூணு பேரும் பின்னாடியே போனோம். மேஸ்திரி கத்திக்கிட்டே இருந்தாரு.

"இன்னாசி, இதப் படி"ன்னா.

"கண்ணாடி இல்லீங்களே."

"மூணு பத்திய மட்டும் கண்ணாடி இல்லாமப் படிச்சியே."

அண்ணன் தலையச் சொறியறாரு. "எனக்கு ஒண்ணுமில்லீங்க. ஜனம் ஏறணுமே, நா அதுக்குத்தான் பாக்கறேன்."

"ஜனம்னா யாரு? சந்தைக்குப் போறது யாரு, ஆஸ்பத்திரிக்குப் போறது யாரு? பாதி வண்டி நாங்கதான். எம் மருமவ ஓட்டுனா ஏறுவோம். வேற எவனாவது உக்காந்தா நடந்தே போவோம். எங்க காலு நல்லாத்தான் இருக்குது."

அண்ணன் எங்க எல்லாரையும் ஒரு தடவ பாத்தாரு. முப்பத்தி நாலு டிக்கெட்டு நிக்கறது அவருக்குத் தெரியாதா? "சரிங்க, வரச் சொல்லுங்க"ன்னுட்டாரு. கண்ணு, எனக்கு அப்படியே ஆகாசத்துல நடக்கற மாதிரி இருந்துச்சு. "அல்லேலூயா"ன்னு வாய் வரைக்கும் வந்துட்டுது. தவக்காலத்துல சொல்லக்கூடாதுன்னு முழுங்கிட்டேன்.

ஆனா ஒண்ணு. சின்னம்மாள் என்னத் திரும்பிப் பாக்கல. இன்னிக்கு வரைக்கும் பேசல. கொழந்தைங்களையும் இன்னும் அனுப்பல. மாதேசு ஒத்துக்கணும்ங்கறாளாம்.

சாயந்தரம் நிர்மலா வூட்டுக்குப் போனேன். கதவு தெறந்துச்சு. வாசல்லயே நிக்க வெச்சுப் பேசுனா. நா செஞ்சதச் சொன்னேன். "தெரியுங்கக்கா, காசியம்மா வந்து சொல்லிடுச்சு"ன்னா. மன்னிச்சேன்னு சொல்லல. நானும் கேக்கல, கேக்க மூஞ்சி இல்ல. உன் கடுதாசிய நீட்டுனேன். அந்தத் தலைப்ப ரெண்டு தடவ படிச்சா.

"இதுலயும் அதே வரிதானுங்க இருக்குது"ன்னா.

எனக்கே அப்பத்தான் உறைச்சுது. நீ எழுதுன, நா படிச்சேன், ரெண்டு பேருக்குமே தெரியல பாரு.

"ஸ்டெஃபிகிட்டச் சொல்லுங்க. படம் வேண்டாம், பட்டுப்புடவ வேண்டாம். சாதனை கீதனை எதுவும் வேண்டாம். வண்டி எத்தன மணிக்கு, எங்க நிக்கும்னு போடட்டும். ஓட்டறது யாருன்னு கீழ ஒரு வரி. ஆம்பளைக்கு எப்படிப் போடுவாங்களோ அப்படி. அத மாவட்டப் பக்கத்துல போடட்டும்"னு சொல்லிட்டு உள்ள போயிட்டா. கொடியில காக்கிச் சட்டை காயப் போட்டிருந்துச்சு. அவளே தெச்சிருக்கறா.

அத்தை

—

சென்னை, 5.4.2023

அத்தை,

அக்கா சொன்னதைப் படித்துவிட்டு என் தலைப்பைத் திரும்பிப் பார்த்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. முழுப் பக்கத்தை ரத்து செய்துவிட்டேன். புகைப்படக்காரர் என்னோடு பேசுவதில்லை.

செய்தி ஆசிரியர், "'பெண் டிரைவர்'னாவது போடும்மா, அதுதானே செய்தி" என்றார். முந்தைய மாதம் அதே பக்கத்தில் வந்த இன்னொரு பஸ் செய்தியைக் காட்டினேன். அதில் 'ஆண் டிரைவர்' என்று இல்லையே என்றேன். "எப்படியோ போ" என்றார். நிரந்தர உத்தரவு பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

சனிக்கிழமை மாவட்டப் பக்கத்தில் இப்படி வரும். நானே எழுதினேன், ஒரு சொல்கூடக் கூட்டவில்லை:

'கம்பைநல்லூர் மினி பஸ்: நேரம் அறிவிப்பு. திங்கள்கிழமை முதல் காலை 7.10, 9.40, மாலை 4.15, 6.30. மாதா கோயில், பள்ளிக்கூடம், பிரிவு சாலை நிறுத்தங்களில் நிற்கும். ஓட்டுநர்: ம. நிர்மலா.'

ஒற்றைப் பத்தி. இதைவிட நல்ல தலைப்பு நான் எழுதியதில்லை.

ஸ்டெஃபி

—

11.4.2023, செவ்வாய்க்கெழம

சேசு உயிர்த்துட்டாரு, அல்லேலூயா.

ஸ்டெஃபி கண்ணு,

போனை அரிசி டின்னுலருந்து எடுத்தாச்சு. ஆனா இத போன்ல சொன்னா பாதிதான் வரும், அதான் எழுதறேன்.

நேத்துக் காலையில ஆறரைக்கே மாதா கோயில் நிறுத்தத்துல போய் நின்னுட்டேன். உங்க பேப்பர வெட்டிக் கோயில் சுவத்துல யாரோ ஒட்டியிருந்தாங்க. ராமக்காள் மவ நர்சு கிளாசுப் பையோட நிக்கறா. அவ அப்பன் மாது பக்கத்துலயே நின்னு, "ஏழு பத்துன்னுதான போட்டிருக்குது?"ன்னு மூணு தடவ கேட்டான்.

ஏழு பத்துக்கு வண்டி வந்துச்சு கண்ணு. ஒரு நிமிசம் முந்தல, பிந்தல. காக்கிச் சட்டை, தலைய இழுத்துக் கட்டியிருந்தா. எனக்கு அழுக வந்துட்டுது. நா மொத ஆளா ஏறி, அவ பக்கத்துலயே கம்பியப் புடிச்சுக்கிட்டு நின்னு, "நிர்மலா, அத்தன பேரு முன்னாடி நா உன்னப் பத்தி"ன்னு ஆரம்பிச்சேன்.

"அக்கா, போயி உக்காருங்க. வண்டி எடுக்கணும்."

உக்காந்துட்டேன். மெதுவா எடுத்தா. ஒரு குலுக்கல் இல்ல. எனக்குப் பின்னாடி யாரோ ஆம்பள, "இன்னாசி வண்டி மெத்தையாட்டம் போவுதே"ன்னு சொல்றது கேட்டுச்சு.

பள்ளிக்கூடத்து நிறுத்தம் வந்துச்சு. அங்க சின்னம்மாள் நிக்கறா. ஆளுக்கு ஒரு கையா ரெண்டு கொழந்தைங்களையும் புடிச்சுக்கிட்டு. எதிர்ல டீக்கடையில மாதேசு நிக்கறான், டம்ளரக் கையில வெச்சுக்கிட்டு, குடிக்காம. ஏறல. ஆனா போகவும் இல்ல, வண்டியவே பாத்துக்கிட்டிருந்தான்.

சின்னம்மாள் ஏறுனா. என்னத் தாண்டிப் போனா, பாக்கல. நிர்மலா திரும்பல. சின்னது மட்டும், "ம்மா, ஹாரன் அடி"ன்னுது. அடிச்சா.

கண்டக்டர் வெளியூர்ப் பையன், யாரையும் தெரியாது. டிக்கெட்டுப் பையோட வந்து சின்னம்மாள்கிட்ட நின்னான்.

"ஆயா, உங்களுக்கு ஒண்ணு. கொழந்தைங்க யாரோடது? அவங்களுக்கும் டிக்கெட்டு போடணுமே."

சின்னம்மாள் பெரியத மடியில இழுத்து உக்கார வெச்சுக்கிட்டு, பஸ்ஸு முழுக்கக் கேக்கற மாதிரி சொன்னா:

"டிரைவரு புள்ளைங்க."

உன் அத்தை,
புஷ்பமேரி